முப்பரிமாணப் புகைப்படம் வீட்டுச் சுவருக்கு வருமா?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள். ஊசியும் தெரியும்; நூலும் தெரியும். ஆனால் நூல் ஊசிக்கு முன்னால் போகும், அல்லது பின்னால் போகும். ஊசியின் காதுக்குள் மட்டும் எளிதில் நுழையாது. மூடிய கண்ணைத் திறந்ததும் வேலை முடிந்துவிடும். நம் இரு கண்களுக்கும் இடையே ஏறத்தாழ 6.5 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஆகவே வலக்கண் காணும் காட்சியும் இடக்கண் காணும் காட்சியும் சிறிதளவு வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டுதான் எது அருகில், எது தொலைவில் என்பதை மூளை கணிக்கிறது.

சாதாரணப் புகைப்படக் கருவிக்கோ ஒற்றைக் கண். நீளம், அகலம் இரண்டையும் அது காட்டும்; ஆழத்தைக் காட்டாது. இரண்டு கண்கள் காணும் இரண்டு காட்சிகளையும் தனித்தனியே படமெடுத்து, ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய படத்தை மட்டும் காட்டிவிட்டால் ஆழமும் வந்துவிடும். இவ்வளவு எளிய உண்மையின்மேல் நிற்கும் முப்பரிமாணப் புகைப்படம் இன்றுவரை பெருவழக்காகவில்லை. இனியேனும் ஆகுமா? நம் வீடுகளில் ஆகாது என்பதே என் கருத்து. ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்களை நான் ஏற்கவில்லை. ஆகாது என்பதால் அது வீண் என்ற முடிவையும் ஏற்கவில்லை.

புதுமையல்ல, பழமை

முப்பரிமாணப் படம் நேற்றுப் பிறந்த விந்தை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது புகைப்படத்துக்கும் மூத்தது. சார்லஸ் வீட்ஸ்டன் என்னும் ஆங்கில விஞ்ஞானி, இரு கண் பார்வை பற்றிய தம் ஆய்வை 1838-ஆம் ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் வெளியிட்டார். இரு கண்ணாடிகளைச் சாய்த்து வைத்து, கையால் வரைந்த இரு படங்களை ஒன்றாக்கிக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப் கருவியையும் அதில் விளக்கினார். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதோ 1839-இல்! நம் ஆய்வுக்கூடத்தில் மின்தடையை அளக்கப் பயன்படும் 'வீட்ஸ்டன் பாலம்' மூலம் நாம் அறிந்திருப்பவரும் இவரே.

பின்னர் டேவிட் புரூஸ்டர் லென்சுகள் பொருத்திய சிறிய பெட்டி வடிவில் இக்கருவியை அமைத்தார். 1851-இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சியில் விக்டோரியா அரசியே அதைக் கண்டு மகிழ்ந்தார். 1854-இல் லண்டனில் தோன்றிய ஒரு நிறுவனம், ஸ்டீரியோஸ்கோப் இல்லாத வீடே இருக்கக் கூடாது என்று விளம்பரம் செய்தது. அமெரிக்காவில் ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் என்ற மருத்துவர் கையில் பிடித்துப் பார்க்கும் மலிவான வடிவம் ஒன்றைத் தந்தார். அதற்குக் காப்புரிமைகூட அவர் கேட்கவில்லை.

நம் மண்ணுக்கும் அது விரைவிலேயே வந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856-இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரி, மதுரை, திருச்சி, தஞ்சாவூர் ஆகிய இடங்களை இரட்டைப் படங்களாகவும் எடுத்தார். அவை 1858-இல் தொகுப்புகளாக வெளிவந்தன.

ஆக, முப்பரிமாணப் படம் ஒரு காலத்தில் மேலைநாட்டு வீடுகளில் பெருவழக்காகவே இருந்தது. காரணம் என்ன? அன்று செய்தித்தாளில் புகைப்படத்தை அச்சிட வழியில்லை, சினிமா இல்லை. வெளியூர் செல்ல வசதியில்லாதவனுக்கு உலகைக் காட்டும் வேலையை அது செய்தது. படங்கள் அச்சிட்ட பத்திரிகையும் அஞ்சலட்டையும் சினிமாவும் அந்த வேலையை எடுத்துக்கொண்டதும் அதன் செல்வாக்குச் சரிந்தது.

எழுந்ததும் விழுந்ததும்

அதன்பின் தலைமுறைக்கு ஒருமுறை அது எழுவதும் விழுவதுமாக இருக்கிறது. 1939-இல் ஒரு வட்டத் தட்டில் ஏழு காட்சிகளைக் காட்டும் வியூமாஸ்டர் வந்தது. 1947-இல் இரு லென்சுகள் கொண்ட ஸ்டீரியோ ரியலிஸ்ட் கேமரா அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. அதன் உற்பத்தி 1970-களின் தொடக்கத்தில் நின்றது. 1952-இல் தொடங்கிய ஹாலிவுட்டின் முப்பரிமாணப் பட அலை ஓரிரண்டு ஆண்டுகளிலேயே ஓய்ந்தது. இந்தியாவில் 1984-இல் மலையாளத்தில் 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்தது. மறு ஆண்டே தமிழில் 'அன்னை பூமி' வந்தது. அவற்றைத் தொடர்ந்து நம் சினிமா முழுவதும் முப்பரிமாணத்துக்கு மாறிவிட்டதா? இல்லை.

2009-இல் 'அவதார்' வந்தபோது இம்முறை தப்பாது என்றனர். அதே ஆண்டு ஃபியூஜிஃபில்ம் நிறுவனம் இரு லென்சுகள் கொண்ட டிஜிட்டல் கேமராவை விற்றது. முப்பரிமாணத் தொலைக்காட்சிகள் கடைகளை நிறைத்தன. ஆனால் 2017-க்குள் பெரிய நிறுவனங்கள் அனைத்தும் அவற்றைக் கைவிட்டன. நின்டெண்டோ நிறுவனம் 2011-இல் வெளியிட்ட '3டிஎஸ்' விளையாட்டுக் கருவியின் கதை இன்னும் வேடிக்கையானது. அவ்வரிசைக் கருவிகள் 7 கோடிக்கு மேல் விற்றன. ஆயினும் 2013-லேயே முப்பரிமாணத்தை நீக்கிவிட்டு '2டிஎஸ்' என்ற மலிவுக் கருவியை அதே நிறுவனம் கொண்டுவந்தது. விளையாட்டுகள் எல்லாம் அதிலும் நடந்தன. விற்பவரே ஆழத்தைக் கழற்றி வைத்துவிட்டார்!

கண்ணாடியின்மேல் பழி

ஏன் இப்படி? விலை அதிகம் என்பர் சிலர். கண்ணாடி அணிவது தொல்லை என்பர் சிலர். தலைவலி வருகிறது என்பர் வேறு சிலர். தலைவலிக்கு இயற்பியல் காரணம் உண்டு. திரையில் ஒரு பொருள் நம் மூக்கருகே வருவதுபோல் தெரியும்போது, கண்கள் அப்பொருளை நோக்கிக் குவிகின்றன. கண்ணின் லென்சோ தொலைவிலுள்ள திரைக்கே குவியம் கொள்ள வேண்டியிருக்கிறது. இயற்கையில் இவ்விரண்டும் எப்போதும் சேர்ந்தே நடப்பவை. அவற்றைப் பிரித்தால் கண் களைக்கிறது.

இவை உண்மையான குறைகளே. ஆனால் இவைதாம் காரணம் என்றால், மலிவான வியூமாஸ்டர் ஏன் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாகவே நின்றுவிட்டது? ஃபியூஜி கேமராவின் திரையைக் கண்ணாடி இன்றியே பார்க்கலாம். அது ஏன் நம் திருமண வீடுகளுக்கு வரவில்லை? கடன் வாங்கியாவது கைப்பேசி வாங்கும் மக்கள், வேண்டும் என்று நினைத்திருந்தால் இதையும் வாங்கியிருப்பார்கள். ஆகவே காரணம் கருவியில் இல்லை. புகைப்படத்தை நாம் எதற்காக வைத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது.

படம் எதற்கு?

எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தாவின் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. அவர் வாழ்நாளில் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டவரல்லர். வாக்காளர் அடையாள அட்டையில் இருந்த முகத்தைப் பெரிதாக்கி, பின்னால் நீல வண்ணம் தீட்டி, சட்டம் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். விளிம்புகள் மங்கல், தோள்கள் அவருடையவையே அல்ல. ஆனாலும் அந்தப் படத்தின் முன்தான் என் அக்காவின் திருமணப் பத்திரிகை முதலில் வைக்கப்பட்டது. நான் கல்லூரியில் சேர்ந்த நாளில் விளக்கேற்றப்பட்டது. வீட்டிலுள்ள ஏழு பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்க்க முடியும். படத்தில் ஆழம் குறைகிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. இல்லாத ஆழத்தை எங்கள் நினைவு நிரப்பிக்கொள்கிறது.

புகைப்படத்தின் வாழ்வு இங்கேதான் இருக்கிறது. அது சுவரில் தொங்கும், சட்டைப் பையில் உறங்கும், விண்ணப்பத்தில் ஒட்டப்படும், கைக்குக் கை மாறும், நால்வர் தலை சேர்த்துக் குனிந்து, "இது யார், சொல்லு பார்க்கலாம்?" என்று கேட்டுச் சிரிக்க இடம் தரும். முப்பரிமாணப் படமோ ஒருவர் தனியே கருவிக்குள் கண்ணைப் பதித்துப் பார்க்க வேண்டியது. திருவிழாவில் பயாஸ்கோப் பெட்டிக்குள் ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்க, மற்ற பிள்ளைகள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அதே நிலைதான். 2024-இல் அமெரிக்காவில் 3,499 டாலருக்கு விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் புரோ தலைக்கருவியும் இந்த விதிக்கு விலக்கன்று. மூன்று லட்சம் ரூபாயை ஒட்டிய விலை கொடுத்தாலும் அதை ஒரு நேரத்தில் ஒரு தலைக்குத்தான் மாட்ட முடியும். படம் பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவரை மறைத்துவிடும் கருவி, குடும்பப் படத்துக்கு எப்படிப் பொருந்தும்?

கைப்பேசி தரும் ஆழம்

"இதெல்லாம் பழங்கதை, இனிக் கைப்பேசியே முப்பரிமாணம் காட்டும்" என்று நண்பர்கள் மறுக்கலாம். மறுப்பில் பொருள் இல்லாமல் இல்லை. 2016 முதலே இரண்டு லென்சுகள் கொண்ட கைப்பேசிகள் ஆழத்தை அளந்து வருகின்றன. ஆனால் அளந்த ஆழத்தைக் கொண்டு அவை செய்தது என்ன? முகத்துக்குப் பின்னால் இருப்பதை மங்கலாக்கின. அதாவது, ஆழத்தை அறிந்தும் அதைக் காட்டாமல், தட்டைப் படத்தை இன்னும் அழகாக்கவே அவை பயன்படுத்தின. மக்கள் விரும்பியதும் அதையே.

2025-இல் ஆப்பிள் கைப்பேசிகளுக்கு வந்த மென்பொருளில், ஒற்றைப் படத்திலிருந்தே ஆழத்தைக் கணித்து, கைப்பேசியைச் சாய்க்கும்போது காட்சி அசைவதுபோல் காட்டும் வசதி இருக்கிறது. இது பரவலாம். ஆனால் இங்கே ஆழம் பதிவு செய்யப்பட்டதன்று; ஊகிக்கப்பட்டது. முகத்துக்குப் பின்னால் மறைந்திருந்த சுவரைக் கணிப்பொறி தானே வரைந்து நிரப்புகிறது. பொழுதுபோக்குக்கு அது போதும். சான்றுக்குப் போதாது. படம் எடுத்தவனே காணாத ஒன்றைப் படம் காட்டினால், அதை எப்படி நம்புவது?

ஆழமே செய்தியாகும் இடங்கள்

சான்று என்ற இந்தச் சொல்தான் முப்பரிமாணப் புகைப்படத்தின் உண்மையான இருப்பிடத்தை நமக்குக் காட்டுகிறது. முகத்தைக் காண ஆழம் கட்டாயமன்று. மலையின் உயரத்தைக் காண அது கட்டாயம். விமானத்திலிருந்து அடுத்தடுத்து எடுத்த இரு படங்களை ஸ்டீரியோஸ்கோப்பில் வைத்து மேடு பள்ளங்களை அறியும் முறை புவியியல், நிலவியல் மாணவர்களுக்குப் புதிதன்று. 2005-இல் இஸ்ரோ செலுத்திய கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோளில் முன்னோக்கி ஒன்றும் பின்னோக்கி ஒன்றுமாக இரு கேமராக்கள் சாய்த்துப் பொருத்தப்பட்டிருந்தன. ஒரே நிலத்தை இரு கோணங்களில் எடுத்து உயரத்தைக் கணிப்பதே அதன் பணி. 2008-இல் சென்ற சந்திரயான்-1 நிலவின் தரையையும் இவ்வாறே படம் பிடித்தது. ரோபோ கருவி கொண்டு அறுவை செய்யும் மருத்துவரும் இரு லென்சுகள் வழியே வரும் இரு காட்சிகளைப் பார்த்துத்தான் கத்தியை நகர்த்துகிறார். அங்கே ஆழம் அலங்காரம் அன்று. அது இல்லாவிட்டால் வேலையே நடக்காது.

நாம் செய்யக் கூடியது

நம் சிற்றூர்களின் ஏரிக்கரைகளிலும் வயல் ஓரங்களிலும் நடுகற்களும் துண்டுக் கல்வெட்டுகளும் கிடக்கின்றன. துணி துவைக்கும் கல்லாகிப் போனவையும் உண்டு. அவற்றில் எழுத்து என்பது மையன்று, பள்ளம். தேய்ந்த எழுத்தின் ஆழம் ஒற்றைப் படத்தில் மறைந்துபோகும்; இரட்டைப் படத்தில் எஞ்சி நிற்கும். இதற்கு மூன்று லட்சம் ரூபாய்க் கருவி வேண்டாம். கல்லிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று, கைப்பேசியில் ஒரு படம் எடுக்க வேண்டும். பின் உடலின் பாரத்தை இடக்காலிலிருந்து வலக்காலுக்கு மாற்றி, 6 அல்லது 7 சென்டிமீட்டர் நகர்ந்து, அதே உயரத்தில் இன்னொன்று எடுக்க வேண்டும். அருகிலுள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு நகர்ந்தால் போதும் என்பது இத்துறையின் எளிய விதி. இரண்டையும் பக்கம் பக்கமாக அச்சிட்டு, இரு குவிலென்சுகள் வழியே பார்த்தால் கல் எழுந்து நிற்கும். லென்சுகள் நம் ஆய்வுக்கூட அலமாரியிலேயே இருக்கின்றன.

இயற்பியல் மாணவர் படம் எடுக்கட்டும். வரலாற்று மாணவர் இடம் காட்டட்டும். தமிழ் மாணவர் எழுத்தைப் படிக்கட்டும். எடுத்த படங்களை ஊர்ப் பெயரும் நாளும் குறித்து நூலகத்தில் சேர்த்து வைக்கலாம். ஆசிரியப் பெருமக்கள் வழிகாட்டினால் வரும் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்க முடியும்.

முப்பரிமாணப் புகைப்படம் சந்தையில் வெல்லுமா என்பதை நிறுவனங்கள் கணக்கிட்டுக்கொள்ளட்டும். வீட்டுச் சுவர் தட்டைப் படத்துக்கே சொந்தம். அதை யாரும் பறிக்கப் போவதில்லை. மழையும் வெயிலும் ஆண்டுதோறும் ஒரு நூலிழை தேய்த்துக்கொண்டிருக்கும் கற்களுக்கோ அவ்வளவு அவகாசம் இல்லை. இரண்டு கண்களின் அருமையை அங்கே காட்டுவோம்.