கொழுந்துக் கூடைக்கும் ஓர் இடம்

கேமரன் மலைக்குச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் பலர் தேயிலை ஆலையைக் காணத் தவறுவதில்லை. வாட்டுதல், உருட்டுதல், நொதித்தல், உலர்த்துதல், தரம் பிரித்தல் எனப் பச்சை இலை தேயிலைத் தூளாக மாறும் விதத்தை அங்கு அறிந்துகொள்கின்றனர். பிறகு தேநீர் அருந்தி, படம் பிடித்துக்கொண்டு பேருந்தில் ஏறிவிடுகின்றனர். பயனுள்ள பயணம்தான். ஆனால், அங்கு அவர்கள் அறிவது பாதி வரலாறே என்பது என் கருத்து.

இம்மலைக்குப் பெயர் தந்த வில்லியம் கேமரன் ஒரு பிரிட்டிஷ் நில அளவையாளர். 1885-இல் இங்கு வந்தவர். போ தேயிலைத் தோட்டத்தை 1929-இல் தொடங்கியவர் ஜே. ஏ. ரசல். இவ்விரு பெயர்களும் வரலாற்றில் நிலைத்துவிட்டன. செங்குத்தான சரிவுகளில் காடழித்துக் கன்று நட்டவர்களின் பெயர்களோ நமக்குத் தெரியா. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் பலர் இத்தோட்டங்களில் உழைத்தனர். விடியற்காலைக் குளிரில் பெரட்டுக்கு நின்றனர். பெண்கள் கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, கூடையை முதுகில் சுமந்து மலையேறினர். அட்டைக்கடியும் மழையும் அவர்களுக்கு அன்றாடம்.

பிரிஞ்சாங் பகுதியிலுள்ள 'டைம் டன்னல்' அருங்காட்சியகம் பழைய படங்களையும் அந்தக்காலப் பொருள்களையும் திரட்டி வைத்துள்ளது. பாராட்டத்தக்க முயற்சி இது. இதைப் போலவே, தோட்ட மக்களின் வாழ்வைச் சொல்வதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இம்மலையில் அமைய வேண்டும்.

இலங்கையைப் பாருங்கள். கண்டிக்கு அருகே ஹந்தானையில், 1925-இல் கட்டப்பட்ட தேயிலை ஆலை ஒன்று இன்று அருங்காட்சியகமாக உள்ளது. அங்கே பழைய இயந்திரங்களைக் காணலாம். கம்பளைப் பகுதியிலோ தொழிலாளர்கள் வாழ்ந்த லயன் வீடுகளே அருங்காட்சியகமாக மாற்றப்பட்டுள்ளன. அவர்கள் கையாண்ட கருவிகளும் புழங்கிய வீட்டுப் பொருள்களும் அங்கு இடம்பெற்றுள்ளன. முன்னது தேயிலையின் கதையைச் சொல்கிறது. பின்னது அதைப் பறித்த மனிதர்களின் கதையைச் சொல்கிறது.

“லயன் வீடு வறுமையின் அடையாளம், அதைக் காட்சிக்கு வைப்பானேன்?” என்று சிலர் கேட்கலாம். அக்கேள்வியில் இருக்கும் வலி எனக்குப் புரிகிறது. ஆயினும், அந்தச் சிறிய வீடுகளிலிருந்துதான் ஆசிரியர்களும் மருத்துவர்களும் உருவாகினர். வீட்டின் சிறுமையை மறைத்தால் அவர்கள் ஏறிவந்த உயரமும் மறைந்துவிடும் அல்லவா?

இப்பணியைத் தள்ளிப்போட இயலாது. இன்று தோட்டங்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் மிகுந்துள்ளனர்; கொழுந்து பறிக்க இயந்திரங்களும் வந்துவிட்டன. கையால் பறித்த பாட்டிமார்கள் முதுமையில் தளர்ந்துவிட்டனர். அவர்களின் பிள்ளைகளோ ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் வாழ்கின்றனர். எனவே, பழைய லயம் ஒன்றையாவது இடிக்காமல் காக்க வேண்டும். அதில் வைக்க வேண்டிய கூடையும் சம்பளச் சீட்டும் குடும்பப் படங்களும் ஒருவேளை உங்கள் தாத்தா பாட்டியின் இரும்புப் பெட்டியிலோ வீட்டின் பின்கட்டிலோ கிடக்கலாம். கேட்டுப் பாருங்கள்.