பரம்பரையலகு மாற்றம் என்றால் பரம்பரை நோயா?



வீட்டில் ஒருவருக்கு மூளையில் கட்டி என்று வைத்தியர் சொன்னதும் குடும்பமே கலங்கிப் போகிறது. சத்திர சிகிச்சை முடிந்து, கட்டியின் துண்டைப் பரிசோதித்த அறிக்கையில் 'பரம்பரையலகு மாற்றம்' என்று இருந்துவிட்டால் இன்னொரு துன்பமும் சேர்ந்துகொள்கிறது. "உம்மா வழியில் வந்ததா, வாப்பா வழியில் வந்ததா?" என்று பேச்சு எழுகிறது. நோயாளியின் தங்கைக்கு வந்த கல்யாணப் பேச்சும் இதனால் நின்று போகலாம்.

சொல்லுக்குள் 'பரம்பரை' இருப்பதால் வரும் மயக்கம் இது. நம் உடலின் கலங்களில் பரம்பரையலகுகள் உள்ளன. கலம் பிரியும்போது அவையும் பிரதியாகின்றன. மத்ரஸாவில் ஒரு கிதாபைப் பார்த்து மாணவர் பலர் எழுதுகிறார்கள். ஒருவருடைய கொப்பியில் பிழை வந்தால், மூலக் கிதாபே பிழை என்போமா? பெரும்பாலான மூளைக்கட்டிகளின் நிலை இதுதான். ஏதோ ஒரு கலத்தில் நேர்ந்த மாற்றம், அந்தக் கட்டிக்குள்ளேயே இருக்கிறது. அது பெற்றோரிடமிருந்து வந்ததுமல்ல, பிள்ளைகளுக்குப் போவதுமில்லை.

அப்படியானால் அதை ஏன் தேடுகிறார்கள்? கட்டியின் வகையை அறியவும், சிகிச்சையைத் தீர்மானிக்கவும்தான். உலக சுகாதார நிறுவனம் 2016 இல் மூளைக்கட்டிகளை வகைப்படுத்தும்போது இம்மாற்றங்களையும் சேர்த்துக்கொண்டது. 2021 இல் அதை மேலும் விரிவாக்கியது. பெரியவர்களுக்கு வரும் 'க்ளையோமா' கட்டியில் 'ஐ.டி.எச்.' என்ற பரம்பரையலகு மாறியிருந்தால், அது மாறாத கட்டியைவிடப் பொதுவாக மெதுவாகவே வளரும். ஆக, 'மாற்றம்' என்ற சொல் எப்போதும் கெட்ட செய்தியல்ல.

புரதங்களும் அடையாளம் காட்டுகின்றன. 'கே.ஐ. 67' என்ற புரதம் எத்தனை கலங்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும். 'எம்.ஜி.எம்.டி.' என்ற புரதமோ, மருந்து கட்டிக்குச் செய்யும் சேதத்தைத் திருத்திவிடும். அதை உண்டாக்கும் பரம்பரையலகு அடங்கிக் கிடந்தால், 'க்ளையோபிளாஸ்டோமா' என்ற கடுமையான கட்டிக்கு டெமோசோலமைட் மருந்து கூடுதலாகப் பலன் தரும்.

நியூரோபைப்ரோமடோசிஸ் போன்ற சில நோய்கள் மட்டும் பெற்றோரிடமிருந்து வரலாம். குடும்ப வரலாற்றைக் கேட்டு, தேவையானால் இரத்தப் பரிசோதனையும் செய்தே வைத்தியர் அதைச் சொல்வார்.

ஆகவே அறிக்கையை ஒளித்து வைக்காதீர்கள். "இந்த மாற்றம் கட்டியில் மட்டுமா, உடல் முழுவதிலுமா?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். பதில் தெரியுமுன் எந்த உம்மாவின் மீதும், எந்தக் குடும்பத்தின் மீதும் பழி போடாதீர்கள். ஆதாரமில்லாத சந்தேகம் மார்க்கத்தில் பாவம். நோயால் வாடும் வீட்டுக்கு அது இன்னொரு நோய்.