மாற்றவும் வழங்கவும்

கணினி நிரலும் இலக்கியமே என்று சொன்னால் நண்பர்களில் பலர் புன்னகைக்கக்கூடும். ஆனால் நம் நாட்டுச் சட்டம் அப்படித்தான் கருதுகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 1984இல் செய்யப்பட்ட திருத்தம், இலக்கியப் படைப்பு என்பதன் வரையறைக்குள் கணினி நிரலையும் கொண்டுவந்தது. ஒரு சிறுகதைக்கு உள்ள காப்பு ஒரு நிரலுக்கும் உண்டு: எழுதியவரின் வாழ்நாளும், அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும்.

இதன் விளைவு பலருக்கும் தெரிவதில்லை. நிரலை எழுதியவர் அனுமதி எதையும் எழுதிவைக்காமல் விட்டால், அதைத் திருத்தி வெளியிடவோ பிறருக்கு வழங்கவோ எவருக்கும் உரிமை இல்லை. மூலநிரல் இணையத்தில் திறந்து கிடப்பதே அனுமதி ஆகிவிடாது. நூலக அடுக்கில் ஒரு நாவல் இருக்கிறது என்பதற்காக அதை நாம் அச்சிட்டு விற்றுவிட முடியுமா? அந்த அனுமதியைத் தரும் சில பத்திகளுக்குத்தான் உரிமம் என்று பெயர். எழுத்தை நேசிக்கும் நாம் அந்தப் பத்திகளையும் எழுத்தாகவே வாசிக்கப் பழகவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

இவ்வகை வாசிப்பைத் தொழிலாக அன்றித் தொண்டாகச் செய்பவர்கள் உண்டு. டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கலை 1993இல் இயன் முர்டாக் தொடங்கினார். இன்று அதில் 60,000க்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. எங்கோ ஒருவர் எழுதிய நிரலை எடுத்து, யாரும் எளிதில் நிறுவிக்கொள்ளும் பொதியாக ஆக்கித் தருபவர் பொதியாக்குநர். பொதி ஒவ்வொன்றிலும், எந்தக் கோப்பை யார் எழுதினார், என்ன நிபந்தனையில் தந்தார் என்பதைச் சொல்லும் ஒரு கோப்பு இருந்தாக வேண்டும். புதிய பொதி உள்ளே நுழையுமுன் ஒரு சிறு குழுவினர் அந்தக் கோப்பைச் சரிபார்ப்பார்கள். 1997இல் டெபியன் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தமும், அதனுடன் இணைந்த கட்டற்ற மென்பொருள் நெறிகளுமே அவர்களுக்கு அளவுகோல். மாற்றலாம், மாற்றியதை வழங்கலாம், இன்னார் பயன்படுத்தக்கூடாது என்றோ இன்ன துறையில் பயன்படுத்தக்கூடாது என்றோ தடை இருக்கலாகாது என்பன அந்நெறிகளுள் சில.

'இத்தனை கெடுபிடி எதற்கு? யார் வழக்குப் போடப்போகிறார்கள்?' என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் கதை பைன் என்னும் மின்னஞ்சல் செயலியுடையது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான அதன் பழைய உரிமத்தில், நிரலைப் பயன்படுத்தவும் படியெடுக்கவும் மாற்றவும் வழங்கவும் அனுமதி உண்டு என்று இருந்தது. படித்தவர்கள் எல்லாரும் இது கட்டற்ற மென்பொருள் என்றே நம்பினார்கள். பின்னர் பல்கலைக்கழகம் ஒரு விளக்கம் சொன்னது. மாற்றலாம் என்றோம், வழங்கலாம் என்றோம். மாற்றியதை வழங்கலாம் என்று சொல்லவில்லையே!

தமிழிலக்கணம் அறிந்தவர்களுக்கு இதன் நுட்பம் உடனே விளங்கும். 'மாற்றவும் வழங்கவும்' என்பதில் இருப்பது எண்ணும்மை. இரு செயல்களை அது அருகருகே நிறுத்துகிறது; ஒன்றோடொன்று பிணைக்கவில்லை. 'மாற்றி வழங்கவும்' என்று வினையெச்சத்தால் பிணைத்திருந்தால் சிக்கலே இல்லை. ஆங்கில மூலத்திலும் ஏறத்தாழ இதே இடைவெளிதான். அந்தச் சிறு இடைவெளிக்குள் பல்லாண்டுக் குழப்பம் குடிபுகுந்தது. டெபியன் அதன் மூலநிரலையும் திருத்தங்களையும் தனித்தனியே தந்து, பயனரே இணைத்துக்கொள்ளட்டும் என்று ஒதுங்கிக்கொண்டது. பைனுடன் வந்த பிக்கோ என்னும் எளிய தொகுப்பிக்கு மாற்றாக 1999இல் புதிதாக எழுதப்பட்டதுதான் இன்று நாம் பயன்படுத்தும் நானோ. பல்கலைக்கழகமும் இறுதியில் பைனின் வழித்தோன்றலான அல்பைனை 2007இல் அப்பாச்சி உரிமத்தின் கீழ் வெளியிட்டது.

இரண்டாவது கதை நட்பில் விளைந்தது. 1996இல் தொடங்கப்பட்ட கேடிஈ பணிமேடையின் நிரல் ஜிபிஎல் உரிமத்தில் இருந்தது. அது நின்ற அடித்தளமோ, டிரோல்டெக் என்னும் நார்வே நிறுவனத்தின் க்யூடி நூலகம். அதை மாற்றி வழங்க அப்போது அனுமதி இல்லை. இணைந்த முழுமையும் தன் நிபந்தனைக்கு உட்படவேண்டும் என்பது ஜிபிஎல்லின் விதி. 'க்யூடியுடன் இயங்கவே இதை எழுதினோம். அதனால் எங்கள் அனுமதி சொல்லாமலே விளங்கும்' என்பது கேடிஈ தரப்பின் வாதம். அப்படியானால் அதை ஒரு வரியில் எழுதித் தாருங்கள் என்பது டெபியனின் மறுமொழி. கேடிஈயில் பிறர் எழுதிய ஜிபிஎல் நிரலும் கலந்திருந்ததால், அந்தப் பிறரின் சம்மதமும் தேவைப்பட்டது. 1998 அக்டோபரில் டெபியன் கேடிஈயைத் தன் களஞ்சியத்திலிருந்து விலக்கியது. கசப்பு நிறைந்த காலம் அது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் க்யூடி ஜிபிஎல்லிலும் கிடைக்கத் தொடங்கியபோது முடிச்சு அவிழ்ந்தது. 2002 ஜூலையில் வந்த டெபியன் பதிப்பில்தான் கேடிஈ முதன்முறையாக இடம்பெற்றது.

மூன்றாவது கதையில் நல்லெண்ணமே குற்றவாளி. ஜேசன் என்னும் தரவு வடிவத்தை உலகுக்கு அறிமுகப்படுத்திய டக்ளஸ் கிராக்ஃபோர்டு, தம் நிரலின் உரிமத்தில் ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்: இந்த மென்பொருள் நன்மைக்கே பயன்படவேண்டும், தீமைக்கு அன்று. கேட்க இனிமையான அறவுரை. ஆனால் எது நன்மை, எது தீமை என்று தீர்ப்பவர் யார்? திருக்குறளில் அமர்ந்தால் அழகாயிருக்கும் கருத்து, உரிமத்தில் அமர்ந்ததும் வரையறையற்ற தடையாகிவிட்டது. டெபியன், ஃபெடோரா, கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை மூன்றும் இதைக் கட்டற்ற உரிமமாக ஏற்கவில்லை. இதன் காரணமாகவே பிஎச்பி மொழி 2015இல் வந்த ஏழாம் பதிப்பில் தன் ஜேசன் பகுதியை வேறொன்றால் மாற்றிக்கொண்டது.

நான்காவது, பெயர் பற்றியது. ஃபயர்பாக்ஸ் உலாவியின் நிரல் கட்டற்றது. அதன் சின்னத்தின் உரிமம் அன்று அப்படி இல்லை. பெயரைப் பயன்படுத்தினால் சின்னமும் உடனிருக்கவேண்டும், செய்யும் திருத்தங்களுக்கு ஒப்புதல் பெறவேண்டும் என்று 2006இல் மோசில்லா கேட்டது. டெபியன் சண்டையிடவில்லை. உலாவிக்கு ஐஸ்வீசல் என்று வேறு பெயர் சூட்டிக்கொண்டது. 2016இல் இரு தரப்பும் பேசி முடித்தபின் பழைய பெயர் திரும்பியது. மாற்றிய படைப்புக்கு வேறு பெயர் வை என்று கேட்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டு என்பதை டெபியனின் நெறிகளே ஒப்புக்கொள்கின்றன. தன் கதையைப் பிறர் திருத்தி, தன் பெயரிலேயே வெளியிட்டால் எந்த எழுத்தாளருக்குத்தான் பொறுக்கும்?

இந்த நான்கிலும் நான் காண்பது ஒன்றே. சிக்கல் முளைத்தது சொற்களில், தீர்ந்ததும் சொற்களால். ஆசிரியரின் மனத்தை ஊகித்து, 'அவர் ஒன்றும் சொல்லமாட்டார்' என்று துணிவது தீர்வன்று. கடிதம் எழுதிக் கேட்பதே தீர்வு.

அக்கடிதத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில், நிரலைப் பாராட்டி, அதை ஏன் பலருக்கு எடுத்துச்செல்ல விரும்புகிறோம் என்று சொல்லவேண்டும். அடுத்து, எந்தக் கோப்பில் எந்த வாக்கியம் தடையாக உள்ளது என்று சுட்டவேண்டும். புதிதாக ஓர் உரிமம் இயற்றும்படி கேட்காமல், நன்கறிந்த உரிமங்களுள் ஒன்றைப் பரிந்துரைப்பது நலம். முக்கியமாக, அனுமதியை நமக்கு மட்டும் மின்னஞ்சலில் தந்தால் போதாது. மூலநிரலிலேயே, எல்லாருக்குமாக அது எழுதப்படவேண்டும். டெபியனுக்கென்று தனியாகத் தரப்படும் உரிமையை அதன் நெறிகள் ஏற்பதில்லை. எனக்கு மட்டும் கிடைத்த விடுதலை விடுதலையாகாது என்னும் அந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆசிரியர் மறுத்தால்? சிக்கலான பகுதியை நீக்கிவிட்டு எஞ்சியதைப் பொதியாக்கலாம். நானோவைப் போல் புதிதாக எழுதலாம். அதுவும் இயலாவிட்டால் விட்டுவிடலாம். ஆசிரியர்கள் பலராயின் ஒவ்வொருவரையும் தேடிச்செல்லவேண்டும். ஓபன்எஸ்எஸ்எல் திட்டத்தினர் 2017இல் தம் பங்களிப்பாளர்களுக்கு எழுதிக் கேட்கத் தொடங்கினர். புதிய உரிமத்துடன் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது 2021 செப்டம்பரில்.

இதெல்லாம் பயனரைக் காக்கவைக்கும் வெறும் சம்பிரதாயம் என்பாரின் ஆதங்கம் எனக்குப் புரியாமல் இல்லை. நான்கு ஆண்டுகள் கேடிஈ இல்லாமல் இருந்தவர்களுக்கு அது இழப்புதான். எனினும், ஒரு பொதி களஞ்சியத்தில் நுழைந்தால் அங்கேயே நின்றுவிடுவதில்லை. உபுண்டு போன்ற வழிவந்த வழங்கல்கள் அதை எடுக்கின்றன, பள்ளிகள் எடுக்கின்றன, கணினி விற்பவர் எடுக்கிறார். அவர்களில் எவரும் உரிமத்தைப் படிக்கப்போவதில்லை. யாரோ ஒருவர் தமக்காகப் படித்திருப்பார் என்று நம்புகிறார்கள். அந்த யாரோ ஒருவர்தான் பொதியாக்குநர். அவர் படிக்காமல் கையொப்பமிட்டால், ஏமாற்றப்படுவது தன்னை நம்பிய வாசகரே.

என் சொந்த அனுபவம் ஒன்றுண்டு. பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சிட்ட தமிழ்ப் பக்கங்களை யூனிகோடுக்கு மாற்றும் சிறு நிரல் ஒன்றைப் பொதியாக்க விரும்பினேன். நேர்த்தியான வேலை. எழுதியவர் முகப்பில் 'இலவசம்' என்ற ஒரே சொல்லை வைத்திருந்தார். விலையில்லை என்கிறது அச்சொல். மாற்றலாமா, வழங்கலாமா என்று சொல்லவில்லை. அதிலிருந்த முகவரிக்கு எழுதினேன்; கடிதம் திரும்பி வந்தது. நண்பர்கள் வழியே விசாரித்ததிலும் தகவல் இல்லை. தமிழுக்குக் கொடையாகவே அவர் அதைத் தந்தார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் என் உறுதியை நான் பிறருக்கு உரிமமாகத் தர முடியாது. பொதியைக் கைவிட்டேன். அந்த நிரல் இன்னும் என் வன்தட்டில் உறங்குகிறது. சட்டப்படி அது விழித்தெழப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அதற்குள் அது இயங்கும் கணினி ஏதும் மிஞ்சியிருக்குமா என்பது ஐயமே.

ஆகவே, நிரலோ எழுத்துருவோ சொற்பட்டியலோ ஆக்கித் தரும் நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் கொடையோடு, அறிந்த உரிமம் ஒன்றின் பெயரையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். 'மாற்றவும் வழங்கவும், மாற்றி வழங்கவும்' என்னும் பொருள் அதில் ஐயமற நிற்கட்டும். உங்களைத் தேடிவரும் கடிதம் ஒருநாள் திரும்பிப் போக நேர்ந்தாலும், அந்த ஒரு வரி உங்களுக்காக விடைசொல்லும்.