பண்டிகை விளக்குகளும் பிராணாபாயமும்

ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் திருக்கார்த்திகை, மார்கழியில் கிறிஸ்துமஸ், அதையொட்டி ஆங்கில வருஷப் பிறப்பு என்று நமது நாட்டில் விளக்குப் பண்டிகைகள் வரிசையாக வருகின்றன. அந்த நாட்களில் பல்லாவரத்திலிருந்து பம்மல் வழியாக அனகாபுத்தூர் வரையில் அந்தி வேளையில் நடந்து செல்பவர், மாடிக் கைப்பிடிச் சுவரிலும் ஜன்னல் கம்பியிலும் வாசற்கதவிலும் சீரியல் விளக்குகள் மின்னுவதைத் தெருவுக்குத் தெரு காண்பார். முன்னாளில் பெரிய மாளிகைகளுக்கும் கோயில்களுக்குமே உரியதாயிருந்த தீபாலங்காரம் இன்று சில நூறு ரூபாயில் ஏழையின் வீட்டு வாசலுக்கும் வந்திருப்பது மகிழ்ச்சிக்குரிய விஷயமே. அதைக் குறை கூற நாம் எழுதவில்லை. அவ்விளக்குகளை நம்மவர் கட்டும் முறையைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

நடந்தவற்றை முதலில் நினைவுகூர்வோம். 2004-ஆம் வருஷம் ஜனவரி 23-ந் தேதி ஸ்ரீரங்கத்தில் ஒரு கலியாண மண்டபத்தில் வீடியோ எடுப்பதற்காகக் கொண்டுவந்த விளக்கின் மின்கம்பியிலிருந்து எழுந்த நெருப்பு, மேலே போட்டிருந்த கீற்றுப் பந்தலைப் பற்றிக்கொண்டது. மணமகன் உள்பட ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2022 ஏப்ரல் 27-ந் தேதி அதிகாலையில் தஞ்சாவூருக்கு அருகிலுள்ள களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேரின் அலங்கார உச்சி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு, சிறுவர்கள் உள்படப் பதினொருவர் உயிரிழந்தனர். 2025 மார்ச் 1-ந் தேதி கன்னியாகுமரி மாவட்டத்து இனயம் புத்தன்துறையில் மாதாகோயில் திருவிழா அலங்கார வேலைக்காக நகர்த்திய உயரமான இரும்பு ஏணி மின்கம்பியைத் தொட, நால்வர் அந்த இடத்திலேயே வீழ்ந்தனர். இவை ஊரறிந்த சம்பவங்கள். தனி வீடுகளில் ஒருவர் இருவராக மடிவோரின் கதை, பத்திரிகையின் மூலையில் நான்கு வரிகளோடு முடிந்துபோகிறது.

இத்தகைய செய்தி வந்ததும் நம்மவர் சொல்லும் சமாதானம் ஒன்றுண்டு. "விதி, யார் என்ன செய்ய முடியும்?" என்பார்கள். இந்த வாதத்தை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். இடி விழுவதை வேண்டுமானால் விதியென்று கூறட்டும். காரணம் இன்னதென்று தெரிந்திருந்தும், தடுக்கும் வழி கடையில் விற்பனைக்கு இருந்தும், அதைச் செய்யாமல் விட்டதால் நேர்ந்த மரணத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது. நியாய ஸ்தலங்களில் அதற்கு வேறு பெயர் வழங்குகிறது. அதன் பெயர் கவனக்குறைவு.

நமது பாட்டிமார் அகல் ஏற்றிய காலத்தில் அபாயம் கண்ணுக்குத் தெரிந்தது. குழந்தை கையை நீட்டினால் நெருப்பே எச்சரித்தது. மின்சாரம் அவ்விதம் எச்சரிப்பதில்லை. கெட்டுப்போன கம்பியும் நல்ல கம்பியும் ஒரேவிதமாகத் தோன்றும். அன்றியும், சென்னைப் பிரதேசத்தில் வருஷ மழையில் பாதிக்கு மேல் பெய்யும் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களிலேதான் நாம் வீட்டுக்கு வெளியே கம்பிகளை இழுக்கிறோம். சுவர் நனைந்திருக்கிறது, தரை நனைந்திருக்கிறது, விளக்குக் கட்டுபவரின் காலும் கையும் நனைந்திருக்கின்றன. உலர்ந்த தோலைவிட நனைந்த தோலினூடே மின்சாரம் மிக எளிதாகப் பாயும். மேல்நாட்டாரில் பலர் வீடுகளில் சுமார் 120 வோல்ட் அழுத்தத்தைக் கையாள, நம் வீட்டுக்கு வருவதோ 230 வோல்ட். ஆகவே பிறரைவிட நாம் அதிக ஜாக்கிரதையாக இருக்கக் கடமைப்பட்டவர்கள்.

ஜனங்களிடையே இரண்டு தப்பெண்ணங்கள் வேரூன்றியிருக்கின்றன. சீரியல் விளக்கு கடுகுபோல் சிறியதாகையால் அதில் என்ன அபாயம் என்பது முதலாவது. அந்தச் சிறு குமிழ் ஒவ்வொன்றுக்கும் மூன்று வோல்ட் அளவே தேவை என்பது மெய். ஆனால் பல குமிழ்களைத் தொடராகக் கோத்து நேரே வீட்டு மின்சாரத்தில் சொருகும் மலிவுச் சரத்தில், மேலுறை கிழிந்த இடத்தைத் தொட்டவர்மேல் 230 வோல்ட் அழுத்தமும் பாயக்கூடும். குமிழின் அளவைப் பார்த்து மின்சாரத்தை அளக்க முடியாது.

ஃபியூஸ் இருக்கிறது, அது காப்பாற்றும் என்பது இரண்டாவது தப்பெண்ணம். ஃபியூஸும் அதன் ஸ்தானத்தில் இன்று வந்துள்ள எம்.ஸி.பி. சுவிட்சும் கம்பி சூடேறித் தீப்பற்றாமல் காப்பதற்காக ஏற்பட்டவை. மனிதரைக் காப்பதற்கு அல்ல. 6 ஆம்பியர் எம்.ஸி.பி. என்றால் 6,000 மில்லி ஆம்பியர் வரையில் அது பேசாமல் இருக்கும். மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்க 50 அல்லது 100 மில்லி ஆம்பியர் போதும். ஒருவர் துடித்து விழுந்துகொண்டிருக்கையில் அவருடைய வீட்டு ஃபியூஸ் யாதொரு சேதமுமின்றி இருக்கும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த செம்புக் கம்பியை அதில் முறுக்கி வைக்கும் வீடுகளில் தீயிலிருந்து காக்கும் காவலும் போய்விடுகிறது.

உயிரைக் காப்பதற்கென்றே வேறொரு கருவி இருக்கிறது. ஆர்.ஸி.ஸி.பி. என்பது அதன் பெயர். வீட்டுக்குள் செல்லும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. மனித உடலின் வழியாகவோ ஈரச் சுவரின் வழியாகவோ 30 மில்லி ஆம்பியர் அளவு பூமிக்குக் கசிந்தால், ஒரு விநாடியில் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. இதை ஒவ்வொரு கட்டடத்திலும் வைக்கவேண்டுமென்று தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் விதித்திருக்கிறது. விதி புஸ்தகத்தில் இருக்கிறது. எத்தனை வீடுகளின் சுவரில் கருவி இருக்கிறது என்று வாசகர்கள் தத்தம் வீட்டு மெயின் பெட்டியைத் திறந்து பார்க்கட்டும். இருக்கும் வீடுகளிலும் அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவேண்டும். கருவி அடிக்கடி விழுகிறதென்று அதைக் கழற்றிவிடுவோர் உளர். அது விழுவது வீட்டில் எங்கோ கசிவு இருப்பதற்குச் சாக்ஷி. சாக்ஷியை விரட்டிவிட்டால் குற்றம் மறைந்துவிடாது.

இனி, விளக்குக் கட்டும் வேலையைக் கவனிப்போம். பிளக் இல்லாத வெறுங் கம்பியின் இரு முனைகளையும் துவாரத்தில் சொருகித் தீக்குச்சியால் இறுக்கும் வழக்கத்தைப் படித்தவர் வீடுகளிலும் காண்கிறோம். இதை அறவே விட்டொழிக்க வேண்டும். சென்ற வருஷத்துச் சரத்தை எடுத்ததும் முதலில் முழு நீளமும் பகலொளியில் சோதிக்க வேண்டும்; எலி கடித்ததையும் உறை வெடித்ததையும் நாடாவால் மூடிச் சமாளிக்காமல் எறிந்துவிட வேண்டும். இரும்பு கேட்டிலும் ஜன்னல் கம்பியிலும் சரத்தைச் சுற்றலாகாது. உறை ஓரிடத்தில் தேய்ந்தாலும் கேட் முழுவதும் மின்சாரம் ஏறும். மறுநாள் காலையில் அதைத் திறப்பவள் பால் வாங்கப் போகும் சிறுமியாக இருக்கலாம். கொக்கியும் பிளாஸ்டிக் கட்டும் உபயோகிக்க வேண்டும். ஆணி அடிக்கக் கூடாது. வெளியில் மாட்டுவது வெளியிலும் மழையிலும் உபயோகிக்கத் தக்கதென்று பெட்டியில் குறித்திருப்பதாக இருத்தல் வேண்டும். இணைப்பு முனைகள் தரையில் கிடக்கலாகாது. கட்டும்போதும் அவிழ்க்கும்போதும் சுவிட்சை நிறுத்துவது மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும். உறங்கப் போகுமுன் விளக்கை நிறுத்திவிட வேண்டும். காகித நக்ஷத்திரத்துக்குள் சூடேறும் பழைய பல்பைப் போடாமல் எல்.இ.டி. விளக்கைப் போட வேண்டும். கீற்று, துணி, காகிதத் தோரணம் இவற்றின்மீது கம்பி படாமல் விலகியிருக்க வேண்டும். ஸ்ரீரங்கத்தின் பாடம் அதுவே.

நமது புறநகர்த் தெருக்களில் மின்கம்பிகள் மாடி வீடுகளுக்கு வெகு சமீபத்தில் செல்கின்றன. அங்கே இரும்பு ஏணியையோ நீண்ட கம்பையோ நிமிர்த்துவதும், எதிர் வீட்டுக்குத் தோரணச் சரத்தை வீசுவதும் எமனை அழைப்பதற்கு ஒப்பாகும். வீட்டுக்குள் வைத்த எந்தக் கருவியும் தெருக் கம்பியிலிருந்து நம்மைக் காக்காது. தெருக் கம்பத்தில் கொக்கி போட்டுப் பந்தலுக்கு வெளிச்சம் எடுப்போருக்கும் இதையே சொல்வோம். அது 2003-ஆம் வருஷத்து மின்சாரச் சட்டப்படி திருட்டு என்பது ஒருபுறமிருக்க, மீட்டரையும் காவல் கருவியையும் ஒருங்கே தாண்டி வரும் அந்த மின்சாரத்தைத் தடுத்து நிறுத்த நடுவில் எதுவுமே இல்லை. தற்காலிக இணைப்பு விண்ணப்பித்தால் கிடைக்கும்.

ஒருகால் விபத்து நேர்ந்துவிட்டால், தாக்குண்டவரை வெறுங்கையால் பற்றி இழுக்க ஓடுவது இயல்பு. அதனால் இரண்டாம் உயிரும் போகிறது. மெயின் சுவிட்சை முதலில் நிறுத்த வேண்டும். இயலாவிடில் உலர்ந்த பலகைமேல் நின்று உலர்ந்த கட்டையால் அவரை விலக்க வேண்டும். தெருவில் செல்லும் உயர் அழுத்தக் கம்பியாயின் மின்சாரம் நிற்கும்வரை அருகிலேயே போகலாகாது. 108-ஐ அழைத்துவிட்டு, மூச்சில்லாவிடில் நெஞ்சின் நடுவே நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை வீதம், உதவி வரும்வரை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. பம்மல் 2021-ல் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. பண்டிகைக்கு முன் கொசு மருந்து அடிப்பதுபோல், வார்டு தோறும் பந்தல்களையும் தெரு அலங்காரங்களையும் பார்வையிட மாநகராட்சியும் மின் பகிர்மானக் கழகமும் சேர்ந்து ஏற்பாடு செய்வதில் என்ன கஷ்டம்? தாழ்ந்து தொங்கும் கம்பிகளைப்பற்றி 94987 94987 என்ற மின்னகம் எண்ணில் யாரும் புகார் செய்யலாம். புகார் வந்தபின் அது பண்டிகை முடியும்வரை காத்திருக்கலாகாது. எல்.இ.டி. சரங்கள் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவெண் இன்றி விற்கப்படலாகாதென்பது விதி. அவ்வெண் இல்லாத பெட்டிகள் நடைபாதையில் குவிந்து கிடப்பதை அதிகாரிகள் காணவில்லை போலும்! வாங்குவோர் அவ்வெண்ணைக் கேட்கத் தொடங்கினால் விற்போர் தாமே திருந்துவர்.

செலவைச் சிலர் ஆட்சேபிக்கலாம். ஆர்.ஸி.ஸி.பி. கருவியும் அதை வைக்கும் கூலியும் சேர்ந்து ஒரு நடுத்தரக் குடும்பம் ஒரு தீபாவளிக்குப் பட்டாசு வாங்கும் தொகைக்குள் அடங்கும். பட்டாசு ஒரு மணி நேரத்தில் சாம்பலாகிறது. கருவி பல வருஷங்கள் சுவரில் காவல் நிற்கிறது. வாடகை வீட்டில் இருப்போர் வீட்டுக்காரரிடம் இதைக் கேட்டுப் பெறக் கூசவேண்டியதில்லை. ஊர் நலச் சங்கத்தினரும் வாலிபர் சபையினரும் தத்தம் தெருவில் தேர்ந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரை அமர்த்தி, அடுத்த பண்டிகைக்கு முன் வீடு வீடாகச் சோதிக்கச் செய்வார்களாயின் அதுவே சிறந்த தேச சேவையாகும். பம்மல் வாசிகள் இதைத் தொடங்கி மற்ற ஊர்களுக்கு வழிகாட்டுவார்களென்று நம்புகிறோம்.