கணக்கில் கழித்துவிட்ட திராட்சை

அடிலெய்டில் இருக்கும் மச்சினன் போன தீபாவளிக்கு புனே வந்தபோது இரண்டு பாட்டில் ஒயின் கொண்டுவந்தான். இரண்டும் மெக்லாரன் வேல் பகுதி கிரெனாஷ். ஒன்று பல தோட்டத்துப் பழங்களைக் கலந்தது. மற்றது பிளெவிட் ஸ்பிரிங்ஸ் மணல் பூமியில் ஒரே தோட்டத்துப் பழம். விலை மூன்று மடங்கு. "லேபிளுக்குக் காசு புடுங்குறாங்க மாப்ளே" என்றேன். பி.காம். புத்தி!

கலப்பு ஒயின் நன்றாகத்தான் இருந்தது. ஜாம் மாதிரி வாசனை, உடனே மறந்தும் போனது. மற்றதைப் பார்த்தால் வெளிறிய சிவப்பு, தண்ணி கலந்தானோ என்று சந்தேகம். குடித்தால் ஸ்ட்ராபெரி, மிளகு, விழுங்கிய பிறகும் நாக்கில் நிற்கும் மெல்லிய துவர்ப்பு. கிரெனாஷுக்குத் தோல் மெல்லிசு. நிறத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாததால் விளைந்த மண் வெளியே தெரிகிறது. பிரான்சில் ஷதோ ரயாஸ் கிரெனாஷை மட்டும் வைத்தே பேர் வாங்கியது. அங்கேயும் மணல்தான்.

ஆனால் இதை ரொம்ப நாள் ஷிராஸோடு கலக்கும் துணைச் சரக்காகத்தான் பார்த்தார்கள். 1980களில் திராட்சை மிஞ்சிப்போய், கொடியைப் பிடுங்கினால் பணம் என்று தெற்கு ஆஸ்திரேலிய அரசே திட்டம் போட்டது. பழைய கிரெனாஷ் கொடிகள் ஏக்கர் ஏக்கராகப் போயின. பிடுங்காமல் தப்பியவைதான் இன்று பொக்கிஷம். யங்காராவின் ஹை சேண்ட்ஸ் தோட்டத்துக் கொடிகள் 1946ல் நட்டவை. அதன் 2016 ஒயினைத்தான் ஹாலிடே கைடு தன் 2020 பதிப்பில் 'ஆண்டின் சிறந்த ஒயின்' என்றது.

இதில் என்னை உறுத்துவது வேறு. அன்று அங்கே நான் லோன் ஆபீசராக இருந்திருந்தால், "விளைச்சல் குறைவு, பிடுங்கலாம்" என்று நானும் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஒரு வருஷ வரவு செலவைப் பார்ப்பவனுக்கு நாற்பது வருஷ வேர் கண்ணில் படாது. அதனால்தான் அந்த மூன்று மடங்கு விலை எனக்கு இப்போது நியாயமாகப் படுகிறது. மாதம் நாலு சுமார் பாட்டிலுக்குப் பதில் வருஷத்துக்கு ஒன்று, அதுவும் எந்த மண் என்று தெரிந்து குடிப்பது மேல்.

வாங்குபவர்களுக்கு இரண்டு விஷயம். நம் ஊர் வெயிலில் 'ரூம் டெம்பரேச்சர்' கதையெல்லாம் வேண்டாம், அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மிளகுக் கோழி பொருந்தும். காரக்குழம்பு வேண்டாம், 14, 15 சதவீத ஆல்கஹாலில் காரம் இன்னும் எரியும்.

டிஸ்கி: குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்லும் பதிவு அல்ல. மச்சினன் அடுத்த தீபாவளிக்கும் வருகிறான்.