அமெரிக்க விடுதலைப் போருக்கும் ஆரணிக்கும் என்ன சம்பந்தம்?

பட்டுக்குப் பேர்போன ஆரணியிலும் ஒன்பதாம் வகுப்பில் ‘பாஸ்டன் தேநீர் விருந்து’ பாடம் உண்டு. 1773 என்று எழுதினால் மார்க், அத்தோடு சரி. ஆனால், அதைத் தொடர்ந்து வெடித்த அமெரிக்க விடுதலைப் போரின் சூடு ஆரணி வரைக்கும் வந்தது!

எப்படி? 1778இல் அமெரிக்கர்களோடு பிரான்ஸ் கைகோத்தது. பதிலுக்கு, இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்கள் வசமிருந்த மாஹேயை 1779இல் ஆங்கிலேயர் பிடித்தனர். ஹைதர் அலிக்கு ஆயுதங்கள் வந்திறங்கிய துறைமுகம் அது. சும்மா இருப்பாரா? 1780இல் ஆற்காட்டுச் சீமைக்குள் படையோடு இறங்கிவிட்டார்.

அவரது தளவாடக் கிடங்கு ஆரணிக் கோட்டையில் இருந்தது. அதைக் குறிவைத்து வந்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையோடு 1782 ஜூன் 2இல் மோதல். கோட்டை கைமாறவில்லை.

இன்னொன்று: 1781இல் யார்க்டவுனில் அமெரிக்கர்களிடம் தோற்ற அதே காரன்வாலிஸ்தான், 1792இல் திப்புவைப் பணியவைத்தவர். பாடநூலிலோ ரெண்டும் தனித்தனிப் பாடம். ஆரணி பிள்ளைகளுக்காவது கோட்டை மைதானத்தில் உட்காரவைத்து, சேர்த்தே நடத்தலாம்.