எச்சரிக்கை பொட்டலத்துக்கு, எங்கள் உடம்புக்கு அல்ல

தேவிகாபுரத்தில் நாள் முழுக்கத் தறிக்குழியில் உட்கார்ந்து பட்டு நெய்யும் பெண், கடையில் ஐந்து ரூபாய் சிப்ஸ் வாங்கினால், "இந்த உடம்புக்கு இது வேறயா?" என்று கேட்க ஊரே இருக்கிறது. இதில் எவ்வளவு உப்பு, எண்ணெய் என்று கம்பெனியைக் கேட்க ஆளில்லை. பின்பக்கப் பொடி எழுத்து ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது சட்டம், தமிழ் கட்டாயமில்லை. சிலி நாடு 2016இல் பொட்டலத்தின் முகப்பிலேயே கறுப்பு எச்சரிக்கையை அச்சிட வைத்தது. இங்கே 2022இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்த வரைவோ நட்சத்திரக் குறியீடு: எவ்வளவு மோசமான தின்பண்டத்துக்கும் அரை நட்சத்திரம் உண்டு!

முகப்பில், தமிழில் எச்சரிக்கை வேண்டும். ஆனால் அதைப் பருத்த பெண்ணை அடிக்கும் கோலாக்காதீர்கள். உப்பைக் கொட்டியது கம்பெனி. கூண்டில் அவள் உடம்பு எதற்கு?